வட்டம்மாவின் காலி மூலை

நானும் என் மனைவியும் ஒரே தொழில்தான். இரண்டு பேருக்கும் எக்ஸ்ரேதான் சோறு போடுகிறது. நான் ஆஸ்பத்திரியில் ஆட்களை நிற்கவைத்து, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிப் படம் எடுக்கிறவன். அவள் யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்வதில்லை. நம்முடைய பால்வீதிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் விண்மீன் திரள்களில், வயதாகிப்போன விண்மீன்கள் தாமாக அனுப்பும் எக்ஸ்ரேயை எண்ணுகிறாள். என்னிடம் வருகிறவர்கள் ஐந்து நிமிஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவளிடம் வந்து சேருவது அங்கிருந்து கிளம்பி இருபது லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். வரிசையில் காக்கவைத்துவிட்டேன் என்று யாராவது என்னிடம் சண்டைக்கு வந்தால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அதற்கும் சேர்த்துத் திட்டுவார்கள்.

பல்கலைக்கழகத்தில் வானியல் துறையில் அவளுக்குத் தரவு உதவியாளர் வேலை. முப்பத்தொரு வயதில், இடுப்பில் இரண்டு வயது மகளோடு போய்ச் சேர்ந்தாள். துறையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வட்டம் போடுவதுதான் வேலை. பூமிக்கு மேலே சுற்றும் தொலைநோக்கி அனுப்புகிற படத்தில் பிரகாசமான புள்ளிகள் இருக்கும். எது உண்மையான விண்மீன், எது கருவியின் கோளாறு என்று பார்த்துப் பார்த்து வட்டம் போட வேண்டும். கம்ப்யூட்டரும் போடும். ஆனால் அது போட்ட வட்டத்தை இவள் ஒரு தடவை பார்த்தால்தான் துறைக்குத் தூக்கம் வரும்.

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரே படத்தை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், கண்ணாடி மாதிரி இருக்கும் தாளில் தனித்தனியாக வட்டம் போட வேண்டும். பிறகு ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சரி. ஒரு தாளில் மட்டும் இருந்தால் சண்டை. இந்தச் சண்டைக்கு வசதியாக இருக்கட்டும் என்று, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட வெளிச்சப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டிவைத்தேன். டாக்டர்கள் படத்தைச் செருகிப் பார்ப்பார்களே, அதுதான். கல்யாண நாளுக்கு நான் கொடுத்த பரிசுகளிலேயே அவள் திருப்பிக் கொடுக்காதது அது ஒன்றுதான்.

வயதான விண்மீன் என்றால் அடங்கி ஒடுங்கிக் கிடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பலதும் ஜோடியாக இருப்பவை. ஜோடியில் ஒன்று செத்துச் சுருங்கி, கனம் மட்டும் குறையாமல் உருண்டையாகக் கிடக்கும். பக்கத்தில் இருக்கும் துணையின் உடம்பிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். உறிஞ்சியது விழுகிற வேகத்தில் சூடேறி எக்ஸ்ரேயாக வெளியே வரும்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆனவனுக்கு இதைத் தனியா விளக்கணுமா?" என்று நான் கேட்டேன். அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

அவளுக்கு இன்னொரு இடமும் இருந்தது. துறையில் யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றி சொல்லும் வரி ஒன்று வரும். "படங்களில் வட்டமிட்டு உதவியவர்" என்று அவள் பெயர் அதில் இருக்கும். அப்படிப் பத்தொன்பது கட்டுரைகள் வந்தன. எனக்குக் கட்டுரையில் தலையும் புரியாது காலும் புரியாது. அதனால் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை ஒன்றில் போட்டுவைப்பேன். உறையின் மேல் அச்சடித்த கட்டங்கள் இருக்குமல்லவா? பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். வயது என்ற இடத்தில் அப்போதைய வயது முப்பத்திரண்டு. எடுத்த பகுதி என்ற இடத்தில் "கடைசிப் பக்கம்" என்று எழுதினேன். நான் வேடிக்கையாகத்தான் எழுதினேன். வருஷம் போகப்போக அந்த வேடிக்கை எனக்கே கசந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வட்டம் போட்ட புள்ளிகளையெல்லாம் படத்திலிருந்து வெட்டி எடுத்த பிறகும், லேசான மங்கல் வெளிச்சம் மிஞ்சும். அது யாருடையது? பல லட்சம் டிகிரி சூட்டில் பரவிக் கிடக்கும் வாயுவினுடையது என்பது பெரும்பாலானவர்கள் கட்சி. இவள் கட்சி வேறு. தனியாகப் புள்ளியாகத் தெரிகிற அளவுக்குத் தெம்பில்லாத கிழட்டு ஜோடிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவை எல்லாம் சேர்ந்து தருகிற வெளிச்சம்தான் இது என்றாள். அப்படியானால் விண்மீன் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மங்கலும் அதே அளவு கூட வேண்டும், குறைந்த இடத்தில் அதே அளவு குறைய வேண்டும். வாயு என்றால் அது பாட்டுக்கு இஷ்டப்படி பரவியிருக்கும்.

இதை இரண்டு பக்கமாக எழுதித் துறைக் கூட்டத்தில் கொடுத்தாள். துறைத்தலைவர் படித்துவிட்டு, "நல்ல யோசனை. யாராவது எடுத்துச் செய்யலாம்" என்றார்.

யாராவதா? எதிரில் நிற்கிறவள் யாராம்? இதைக் கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மூக்கின் மேல் கோபம், அது ஊருக்கே தெரியும். அவளோ கோபப்படாமல், மற்றவர்கள் வேலை முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் தானே எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். பக்கத்தில் இருக்கும் சின்ன விண்மீன் திரள் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பற்றி எந்தத் தொலைநோக்கி எப்போது எடுத்த எக்ஸ்ரே படமானாலும் வாங்கிச் சேர்த்தாள். பிடித்த பிடி விடவில்லை. ஒன்பது வருஷம்.

அவளுக்கு எதிர்க்கட்சி, வட்டம் போடுவதில் அவளுக்கு ஜோடியாக இருக்கும் பேராசிரியர். அவளைவிட ஆறு வயது சின்னவர். வாயுக் கட்சிக்குத் தளபதி. எங்கள் மகள் அவருக்கு வைத்த பெயர் கேஸ் மாமா. பக்கத்து வீட்டு அம்மா ரொம்ப நாள் அவரைச் சிலிண்டர் கம்பெனிக்காரர் என்று நினைத்துக்கொண்டு, தன் வீட்டுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். அவரும் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷர்.

இரண்டு பேருக்கும் ஒரு பந்தயம். யார் சொன்னது தப்பு என்று ஆகிறதோ அவர்தான் மேடையேறி, ஜெயித்தவருடைய முடிவைத் துறைக்கு முன்னால் விளக்கிச் சொல்ல வேண்டும்.

"அக்கா, நான் ஜெயிச்சதைச் சொல்ற பேச்சை இப்பவே தயார் பண்ணி வச்சுக்கோங்க. கடைசி நேரத்துல திணறாதீங்க" என்பார் அவர்.

"நீங்க கூட்டத்துக்குப் போட்டுக்க நல்ல சட்டை வச்சிருக்கீங்களா தம்பி?" என்பாள் இவள்.

கணக்கு முடிந்தபோது இவள் பக்கம் ஜெயித்திருந்தது. மங்கல் வெளிச்சம் விண்மீன் வெளிச்சத்தோடு ஒட்டிப்போயிருந்தது. வாயு இருக்கட்டும், வாயுவின் வாசனைகூட இல்லை. கேஸ் மாமா எண்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். துறைத்தலைவரே கூப்பிட்டு, கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக, முதல் பக்கத்தில். திங்கட்கிழமை பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேறொரு நாட்டு ஆட்கள் அதே விண்மீன் திரளை அகச்சிவப்பில் இன்னும் ஆழமாக எடுத்த புதுப் படம் அந்த வாரம்தான் வெளியாகியிருந்தது. கிழட்டு விண்மீன்கள் அகச்சிவப்பில்தான் நன்றாகத் தெரியும். கட்டுரையில் சேர்க்க அழகாக ஒரு படம் வேண்டும் என்று அதைத் தாளில் அச்சடித்து எடுத்துவந்திருந்தாள். அதன்மேல் தன்னுடைய வட்டத் தாளை வைத்து வெளிச்சப் பெட்டியில் செருகினாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இந்த மூலையில என்ன தெரியுது?"

ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். "ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாருங்க."

"லேசா மாவு தூவின மாதிரி இருக்கு. பிரிண்டர் அழுக்கா?"

"அழுக்கு இல்ல. விண்மீனுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் புரியவைத்தாள். தேன் வாங்கப் போனால் முதலில் காலிப் பாத்திரத்தை எடைபோட்டுக் கழிக்கிறோமே, அதுபோல இவர்களும் படத்தில் எதுவுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து, கருவியின் இரைச்சல் எவ்வளவு என்று கணக்கிட்டு அதைக் கழிப்பார்கள். அவள் ஒன்பது வருஷமாகக் காலி இடம் என்று எடுத்துக்கொண்டது கீழே வலது மூலையில் ஒரு சதுரம். அது காலி இல்லை. விண்மீன் திரளின் ஓரம் அதுவரைக்கும் மெல்லியதாகப் பரவியிருக்கிறது. அடியில் தேன் ஒட்டியிருந்த பாத்திரத்தைக் காலி என்று நினைத்துக் கழித்துவிட்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் வேறு மூலையை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டாள். மங்கல் வெளிச்சம் நூற்றுக்குப் பதினெட்டு கூடிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு பழைய அகச்சிவப்புப் படத்திலிருந்து கணக்கிட்டு அவள் நோட்டில் எழுதிவைத்திருந்த விண்மீன் வெளிச்சத்துக்கு அந்தப் பதினெட்டைச் சுமக்கிற சக்தி இல்லை.

"அப்ப அந்தப் பதினெட்டு?" என்று மகள் கேட்டாள்.

"வாயு. கேஸ் மாமா ஜெயிச்சுட்டார்."

இப்போது நான் சொன்னதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அந்த மூலையை யாரு போய்ப் பாக்கப்போறாங்க? பேசாம நாளைக்கு அனுப்பிடு" என்றேன். ஒன்பது வருஷம் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியே குழிந்துபோயிருந்தது. எனக்கு அந்தக் குழிதான் கண்ணில் பட்டது.

அவள் கோபப்படவில்லை. "ஒருத்தருக்குக் கை உடைஞ்சிருக்குது. உங்க படத்துல தெரியுது, டாக்டர் கவனிக்கல. நீங்க உறையில போட்டுக் கொடுத்து அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டாள்.

நான் மறுபடியும் தட்டு கழுவப் போய்விட்டேன். எல்லாத் தட்டும் ஏற்கனவே கழுவியாகிவிட்டது.

கேஸ் மாமாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அவர், "உங்க பழைய நோட்டு வேணும் அக்கா, நானும் ஒரு தடவை முதல்லேர்ந்து போட்டுப் பாக்கறேன்" என்றாராம். திங்கட்கிழமை கட்டுரை போகவில்லை, நோட்டுதான் போனது. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பந்தயப்படி அவருடைய வெற்றியை மேடையில் சொல்வதற்குப் பேச்சு எழுத ஆரம்பித்தாள்.

"அம்மா, உங்களுக்கு வெட்கமே இல்லையா? அவர் ஜெயிச்சதுக்கு நீங்க படம் வரைஞ்சிட்டு இருக்கீங்க!" என்று மகள் குதித்தாள்.

"சொன்ன சொல்லுடி. சொல்றதை நல்லாத்தான் சொல்லணும்." பேச்சின் முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு கேஸ் சிலிண்டர்கூட வரைந்திருந்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை குளியலறையில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கண் சிவந்து வெளியே வந்தாள். சோப்பு பட்டுவிட்டது என்றாள். நானும் மகளும் அந்தச் சோப்பைத் திட்டினோம்.

புதன்கிழமை மாலை அழைப்பு மணி அடித்தது. கேஸ் மாமா. கையில் நோட்டு, கக்கத்தில் சுருட்டிய தாள்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். தோற்றுப்போன வீட்டுக்கு வந்து இவ்வளவு பதட்டப்படுகிற வெற்றியாளரை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. விண்மீன் வெளிச்சத்தை இந்த நோட்டுல கணக்குப் போட்டீங்களே, ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. அப்ப காலி இடம்னு எதை எடுத்தீங்க?"

"அதே மூலைதான். ரெண்டு படத்துக்கும் ஒரே சதுரமா இருக்கட்டும்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கை வாய்க்குப் போனது.

"ஆமா" என்றார் அவர். "எக்ஸ்ரே பக்கம் சரி பண்ணீங்க. இந்தப் பக்கத்தைச் சரி பண்ணவே இல்ல. ரெண்டு பாத்திரத்துலயும் அடியில தேன் இருந்திருக்கு. ஒண்ணை மட்டும் கழுவிட்டு அழுதுட்டு இருக்கீங்க."

"போட்டுப் பாத்தீங்களா?"

"புதுப் படத்துல போட்டேன். விண்மீன் வெளிச்சமும் கூடுது."

"எவ்வளவு?"

"பதினெட்டு."

"பதினெட்டா?"

"நாலு தடவை போட்டேன். பதினஞ்சோட நிக்காதான்னு பாத்தேன், எனக்குக் கொஞ்சமாச்சும் வாயு மிஞ்சியிருக்கும். வரல. பதினெட்டுதான்."

எனக்கே அப்போது விளங்கிவிட்டது. இரண்டும் ஒரே அளவு கூடினால் இரண்டுக்கும் இடையில் இருந்த பொருத்தம் அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் முன்னைவிடப் பலமாக இருக்கிறது. அந்த ஓரத்தில்கூட மங்கலும் விண்மீனும் கைகோத்துத்தான் இருக்கின்றன. வாயுவாக இருந்தால் அங்கே போய் இப்படி அச்சுப்பிசகாமல் பொருந்தியிருக்குமா? அவளைப் பிடித்து உலுக்கிய அந்தக் காலி மூலைதான் அவளுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

அந்த மனுஷர் நோட்டை மூடிவைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர்தான் ஜெயித்தவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து, பிடித்த கையை விடவே மனம் வரவில்லை.

"மாமா, கை வலிக்குது" என்றார்.

அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். மகள் அம்மாவைத் தூக்கப் பார்த்து முடியாமல் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வெளிச்சப் பெட்டியைப் போட்டு எல்லோரும் அந்த மூலையை ஒரு தடவை பார்த்தோம். எனக்கு இப்போதும் மாவு தூவினது மாதிரிதான் தெரிந்தது. ஆனால் நல்ல மாவு.

பந்தயப்படி கேஸ் மாமா மேடையேறினார். புதுச் சட்டை. "நான் பதினஞ்சு வருஷமா தப்பாச் சொல்லிட்டு இருந்தேன். எப்படித் தப்புன்னு அரை மணி நேரத்துல சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். அவள் வரைந்த சிலிண்டரையும் காட்டினார், குறுக்கே சிவப்பில் கோடு போட்டு. கூட்டத்தின் முடிவில் துறைத்தலைவர் எழுந்து, "இதை யாராவது எடுத்துச் செய்யலாம்னு அன்னிக்கு நான்தான் சொன்னேன்" என்றார் பெருமையாக. கடைசி வரிசையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினேன்.

பத்திரிகைக்காரர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ள ஏழு மாதம் ஆனது. ஒரு நாள் நான் வேலையில் இருக்கும்போது, "வந்துடுச்சு!" என்று மகள் அதைப் போனில் அனுப்பினாள். பிரிண்ட் கொடுத்தேன். தாள் வந்து விழுந்தது. நன்றி சொல்லும் பொடி எழுத்தைத் தேடிப் படித்தேன். "படங்களில் வட்டமிட்டு உதவியதற்கும், பின்னணிக் கணக்கைச் சரிபார்த்ததற்கும்" என்று போட்டு, கேஸ் மாமாவின் பெயர் இருந்தது. வேறு பெயரே இல்லை.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மூளை வேலை செய்வதற்குள் கை போனை எடுத்துவிட்டது.

"உன் பேரையே காணோம்! ஒன்பது வருஷம் உழைச்சது நீ, நன்றி அவருக்கா? அந்தத் தலைவர்கிட்ட போனைக் கொடு!"

அந்தப் பக்கம் அவள் குரல் விட்டு விட்டு வந்தது. சிரிக்கிறாளா, இருமுகிறாளா தெரியவில்லை. போன் கை மாறியது. கேஸ் மாமா குரல் வந்தது.

"மாமா, எத்தனை பக்கம் பிரிண்ட் எடுத்தீங்க?"

"ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

பத்தொன்பது தடவை போன விரல் இருபதாவது தடவையும் அதே பக்கத்துக்குத்தான் போயிருந்தது.

"அந்த இடம் நான் கேட்டு வாங்கினது. எதிர்க்கட்சிக்கு அதுதான் மரியாதைன்னு சொன்னேன்" என்றார். "போய் முதல் பக்கத்தை எடுங்க மாமா."

எடுத்தேன். தலைப்புக்குக் கீழே, துறைத்தலைவர் பெயருக்கும் முன்னால், முழுப் பெயர். வட்டம்மா இல்லை. அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர். பொடி எழுத்தில் இல்லை, தூரத்தில் நின்றாலும் படிக்கலாம். நான் தூரத்தில் நின்று படித்தேன். கிட்டப் போயும் படித்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த ஆள் உள்ளே வந்து மேசையில் படுத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்றேன்.

"கணுக்கால்தானே சார் எடுக்கறீங்க?" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய உறையை எடுத்தேன். எடுத்த பகுதி என்ற இடத்தில் "கடைசிப் பக்கம்" என்பதை அடித்துவிட்டு "முதல் பக்கம்" என்று எழுதினேன். அவள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"வயசு முப்பத்திரண்டுனு இருக்கே. அதையும் அடிச்சு எழுதுங்க."

"அது அப்படியே இருக்கட்டுமே. அழகா இருக்கு."

"எழுதுங்க. வயசானதுங்க இன்னும் வெளிச்சம் தருதுன்னுதானே ஒன்பது வருஷமா சொல்லிட்டு இருக்கேன்."

அடித்துவிட்டு ஐம்பத்து மூன்று என்று எழுதினேன்.